பஸ்ஸில் ஏறாதவர்கள்

ரோட்டரி, லயன்ஸ் மாதிரியான சேவைச் சங்கங்களைப் பற்றி எங்கள் நீலகிரி மலையில் யாரிடம் கேட்டாலும் இரண்டு விதமான பேச்சு வரும். "நல்ல காரியம் செய்யறாங்க, கண் கேம்ப் எல்லாம் போடறாங்க" என்பது ஒன்று. "மாசம் ஒருதடவை கூடிச் சாப்பிடறாங்க, நாலு பேருக்குப் பொன்னாடை போட்டு போட்டோ எடுத்துக்கறாங்க" என்பது இன்னொன்று. இரண்டாவது பேச்சை வெளியாள் பேசினால் கேட்டுக்கொண்டு போய்விடலாம். எங்கள் சங்கத்துக்குள்ளேயே, அதுவும் நான் மிகவும் மதிக்கிற ஒரு தம்பி, போர்டு மீட்டிங்கில் எழுந்து அதைச் சொன்னபோது அப்படிப் போய்விட முடியவில்லை. ஜூலையில் ஆரம்பிக்கிற ஆண்டுக்கு பட்ஜெட் போட்டுக்கொண்டிருந்தோம். குடும்பங்களோடு மாதம் ஒருமுறை நடக்கிற ஃபெல்லோஷிப் சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டு, அதற்கு ஆகிற பணத்தை அப்படியே சேவைத் திட்டங்களுக்கு மாற்ற வேண்டும் என்றார். "நாம சாப்பிடறதுக்கா அண்ணா சங்கம் வச்சிருக்கோம்?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். முடிவு எடுக்காமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அவர் கோவையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்துவிட்டு, இப்போது கோத்தகிரிக்கே திரும்பி வந்து வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர். சங்கத்தின் கணக்கை முதன்முறையாக எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதி வைத்தது அவர்தான். எதற்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தவருக்குக் கோபம் வருவது இயற்கை. அவருடைய பட்டியலில் பாதிக்கு நானே கை தூக்குவேன். புது நிர்வாகிகள் பதவியேற்கிற இன்ஸ்டலேஷன் விழாவுக்கு ஹால் வாடகை, பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட் வரைக்கும் ஃப்ளெக்ஸ், வருகிற விருந்தினர் ஒவ்வொருவருக்கும் மொமெண்டோ, வீட்டுக்குப் போய்ப் பெட்டியில் மடித்து வைக்கிற பொன்னாடை, வழவழ தாளில் அழைப்பிதழ். இதையெல்லாம் நாளைக்கே நிறுத்தினாலும் மலையில் ஒருவருக்கும் ஒரு குறையும் வராது. ஃப்ளெக்ஸ் விஷயத்தில் எனக்குத் தனி வருத்தமே உண்டு. பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டு, அதைப் பல வருஷமாகக் காப்பாற்றி வருகிற மாவட்டத்தில், சேவை செய்ய வந்தவர்களே சாலையோரம் பிளாஸ்டிக் துணியைக் கட்டலாமா?

ஆனால் அந்தப் பட்டியலின் கடைசி வரியில் சாப்பாட்டையும் சேர்த்துவிட்டாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அது ஹோட்டல் சாப்பாடு இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒருவர் வீட்டில் கூடுவோம். போனதும் டீயும் வர்க்கியும். அப்புறம் அந்த வீட்டில் என்ன பழக்கமோ அந்தச் சமையல். படுகர் வீடு என்றால் அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, மலையாளி வீடு என்றால் புட்டு, எங்கள் வீடு என்றால் பெரும்பாலும் பிரியாணி. செலவில் ஒரு பங்கு சந்தாப் பணத்திலிருந்து போகும், மிச்சம் அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. குளிர் மாதங்களில் வாசலில் கணப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும். பெண்கள் சமையலறைப் பக்கம் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். மினிட்ஸ் எழுதுவதில்லை, தீர்மானம் போடுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மூன்று மணி நேரம்தான்.

கேம்ப் நடந்தது, பஸ் நிறையவில்லை

மலையில் கண் சிகிச்சை முகாம் எப்படி நடக்கும் என்பது இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை வளர்த்தெடுத்த முறைதான் இன்றைக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் நடக்கிறது. மருத்துவக் குழு கருவிகளோடு வரும். இடம் பிடிப்பது, ஊர் ஊராகச் சொல்வது, வருகிறவர்களை வரிசைப்படுத்துவது, சாப்பாடு, இதெல்லாம் உள்ளூர்ச் சங்கத்தின் வேலை. பார்வை சோதித்து, கண் அழுத்தம் பார்த்து, டாக்டர் பார்த்து, கண்புரை என்று தெரிந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மலைக்குக் கீழே கூட்டிப் போவார்கள். அறுவை சிகிச்சை செய்து லென்ஸ் வைத்து, இரண்டு மூன்று நாளில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நோயாளிக்கு ஒரு பைசா செலவில்லை. எங்கள் முகாமுக்கும் கோவையிலிருந்து ஒரு நல்ல குழு வரும். பொறுமையானவர்கள். எண்பது வயதுப் பாட்டியிடம் ஒரே எழுத்தை நாலு தடவை சலிக்காமல் கேட்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு டிசம்பரில் அப்படி ஒரு முகாம் போட்டோம். பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தார்கள். ஆட்டோவில் மைக் கட்டி, ஹட்டி என்கிற படுகர் ஊர்களில் ஒவ்வொன்றாகப் போய்ச் சொன்னோம். நல்ல கூட்டம். கண்புரை என்று எழுதிக் கொடுக்கப்பட்டவர்களும் நிறையப் பேர். மத்தியானம் சாப்பாடு முடிந்து பஸ் கிளம்புகிற நேரத்தில் பெயர் வாசித்தால் பாதிக்குமேல் ஆள் இல்லை. சிலர் சொல்லாமல் போய்விட்டார்கள். சிலர் அங்கேயே நின்றுகொண்டு "இப்ப வேண்டாங்க" என்றார்கள். ஏன் என்று கேட்டால் சிரித்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை முற்றிப்போய் சுவரைத் தடவித் தடவி நடந்த ஒரு பாட்டி, பஸ்ஸின் படிக்கட்டு வரைக்கும் வந்து, கம்பியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு, அப்புறம் இறங்கிவிட்டார். என்ன சொல்லியும் ஏறவில்லை. டிரைவர் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்? மேட்டுப்பாளையம் ரோட்டில் பனி இறங்குவதற்குள் கீழே போயாக வேண்டும். பஸ் கிளம்பிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்த மதிப்பீட்டுக் கூட்டத்தில் எல்லோருக்கும் சோர்வு. இலவசமாகக் கொடுத்தால் மதிப்பில்லை என்றார் ஒருவர். படிப்பறிவு இல்லை, பயம், மூடநம்பிக்கை என்றார் இன்னொருவர். அடுத்த தடவை துண்டறிக்கை அடித்துக் கண்புரை பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். மினிட்ஸில் அது இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் ஃபெல்லோஷிப். பச்சைத் தேயிலை ஏஜெண்டாக இருக்கிற எங்கள் உறுப்பினர் ஒருவர் வீட்டில். நான் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனபோது உள்ளே அந்தப் பாட்டியைப் பற்றித்தான் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஏஜெண்டின் மனைவிக்குப் பாட்டி தூரத்துச் சொந்தம். "ஹெத்தெ ஹப்ப வருது, அதுக்கு முன்னாடி போய்க் கண்ணை அறுத்துக்கிட்டு வந்தா தலைக்குத் தண்ணி ஊத்தக்கூடாதும்பாங்க. தலைக்குக் குளிக்காம ஹெத்தெகிட்ட எப்படிப் போறது? அதான் வரலைன்னுட்டாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். நான் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மலைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹெத்தையம்மன் பண்டிகை படுகர்களுக்கு வருஷத்தின் பெரிய விழா. டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் வரும். விரதம் இருந்து, வெள்ளை உடுத்தி, வெறுங்காலில் பேரகணிக் கோவிலுக்கு நடந்து போவார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணுக்குள் தண்ணீர் போகாமல் சில வாரம் பார்த்துக்கொள்ள வேண்டும், தலைக்குக் குளிக்கக்கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பாட்டி எடுத்தது அவருடைய வாழ்க்கைக்கு மிகச் சரியான முடிவு. அறியாமை எங்கேயிருந்து வந்தது அதில்? ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்கள் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. முகாம் தேதியைக் குறித்தவர்கள்தான் காலண்டரைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அந்தச் சமையலறையில் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு வீட்டில் கறவை மாடு இரண்டு இருக்கிறது. அந்த அம்மாதான் கறப்பவர், அவர் கை தவிர வேறு கைக்கு மாடு பால் விடாது, மூன்று நாள் அவர் இல்லாவிட்டால் என்ன ஆவது? இன்னொருவருக்கு மலைப்பாதையில் பஸ் ஏறினாலே வாந்தி. கூடப் போகிறவர்கள் முன்னால் அப்படி ஆகிவிடுமோ என்ற கூச்சம். ஒரு பெரியவருக்கு முகாமில் சர்க்கரை அதிகம் என்று சொல்லி, குறைத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதைத் தனக்கு இனிமேல் ஆபரேஷனே கிடையாது என்று எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டார். ஒருவருடைய மகன் கோவையில் நல்ல வேலையில் இருக்கிறார், இலவச முகாமுக்கு அம்மா போனதாகத் தெரிந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று போனில் தடுத்துவிட்டார். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற உறுப்பினரின் தாயார் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தவர், "கொழுந்து நல்லா வர்ற நேரத்துல ஒரு நாள் கூலியை விட்டுட்டு எவ வருவா?" என்றார். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளிலிருந்து ஏன் ஒரு பெண்கூட வரவில்லை என்பதற்கு அந்த ஒரே கேள்வி போதும்.

நாங்கள் மூட்டை மூட்டையாக விழிப்புணர்வு கொடுக்கக் கிளம்பியிருந்தோம். காரணங்களோ எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருந்தன. அவற்றைத் தெரிந்தவர்களில் ஒருவர்கூட அப்போது சங்கத்தின் உறுப்பினர் இல்லை. எல்லோரும் உறுப்பினர்களின் மனைவி, அம்மா, அக்கா. மதிப்பீட்டுக் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. அவர்கள் வந்து உட்கார்கிற ஒரே இடம் அந்தச் சாப்பாடு.

அடுத்த முகாமைப் பிப்ரவரிக்கு வைத்தோம். பண்டிகை முடிந்திருக்கும். உறைபனிக் காலத்தில் தேயிலை வரத்தும் குறைவு, பறிக்கிற பெண்களுக்குக் கூலி இழப்பும் கொஞ்சம் குறையும். துண்டறிக்கைத் தீர்மானத்தை யாரும் மறுபடி எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக இலை ஏஜெண்ட் தன்னுடைய இலை வண்டி நிற்கிற ஒவ்வொரு எடை போடும் இடத்திலும் ஆளைப் பார்த்து நேரில் சொன்னார். எந்த வீட்டில் யாருக்குக் கண் தெரியவில்லை என்பது அவருக்கு மனப்பாடம், ஏனென்றால் எடைச் சீட்டைக் கண்ணருகில் வைத்துப் பார்ப்பது யார் என்று தினமும் பார்க்கிறவர் அவர். மாட்டுக்காரம்மாவின் மருமகள் ஒரு வாரம் முன்னாலிருந்தே கூட நின்று கறந்து பழகிக்கொண்டாள். சர்க்கரைப் பெரியவரை மெடிக்கல் ஷாப்காரர் தன் பொறுப்பில் எடுத்து டாக்டரிடம் கூட்டிப்போய், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வைத்தார். பஸ்ஸில் கூடவே இரண்டு பெண்கள் எலுமிச்சம்பழமும் வாந்தி மாத்திரையும் எடுத்துக்கொண்டு போனார்கள், ஆஸ்பத்திரியிலும் கூடவே இருந்தார்கள், கூட்டிக்கொண்டு திரும்பினார்கள். திரும்பியவர்களுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்தோம். விறகடுப்புப் புகையில் போய் உட்காராமல் பார்த்துக்கொள்வதும் அந்தப் பிள்ளைகளின் வேலை.

பஸ் வழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிசம்பரில் இறங்கிப் போனவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தத் தடவை ஏறினார்கள். படிக்கட்டில் காலை வைத்து இறங்கிய பாட்டியும் ஏறினார். மகன் தடுத்த அம்மா மட்டும் வரவில்லை. அந்த மகனிடம் யார் பேசுவது என்று எங்களுக்குள் கடைசி வரை முடிவாகவில்லை, அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

சிகாகோவில் நாலு பேர்

தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அது ஒரு தடவை நடந்தது அண்ணா, அதுக்காக மாசாமாசம் சாப்பிடணுமா?" என்றார். யோசிக்க வேண்டிய கேள்வி. அதனால் இந்தச் சங்கங்கள் எல்லாம் எப்படி ஆரம்பித்தன என்று திரும்பப் படித்துப் பார்த்தேன்.

பால் ஹாரிஸ் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் சின்ன ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். வக்கீலாக சிகாகோவுக்கு வந்தார். பெரிய நகரம், ஆயிரம் பேரைத் தெரியும், நண்பன் என்று ஒருவர் இல்லை. ஊரில் எல்லோரும் எல்லோரையும் தெரிந்துவைத்திருந்தது போல இங்கேயும் இருக்க முடியாதா என்ற ஏக்கத்தில்தான் 1905 பிப்ரவரி 23 அன்று நாலு பேர் கூடினார்கள். ஒரு வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்க எஞ்சினியர், ஒரு தையற்காரர். முறை வைத்து ஒவ்வொருவர் அலுவலகத்திலும் கூடினார்கள். அப்போது சேவை என்ற பேச்சே இல்லை. ஊருக்கான முதல் வேலையாகப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று அவர்கள் முயற்சி எடுத்தது 1907-ல். இரண்டு வருஷம் சும்மா கூடிப் பழகியிருக்கிறார்கள். ரோட்டரி அப்படி வந்தது.

லயன்ஸ் கதை வேறு திசையிலிருந்து வருகிறது. மெல்வின் ஜோன்ஸ் இன்ஷூரன்ஸ் தொழில் செய்தவர். ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்து உதவிக்கொண்டிருந்த சங்கங்களைப் பார்த்து, இத்தனை திறமையும் ஊருக்குப் பயன்பட்டால் என்ன என்று கேட்டு 1917-ல் அவற்றை ஒன்று சேர்த்தார். 1925-ல் ஹெலன் கெல்லர் அவர்கள் மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றவர்களுக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். இன்றைக்கும் லயன்ஸ் என்றாலே கண் என்று இருப்பது அதனால்தான். இரண்டு கதையிலும் எனக்குப் படுவது ஒன்றுதான். ஏற்கெனவே கூடிப் பழகிய ஒரு கூட்டம் இருந்தது, அதன்மேல்தான் சேவை உட்கார்ந்தது. வெறும் திட்டத்துக்காக ஆள் சேர்த்தால் திட்டம் முடிந்ததும் ஆள் கலைந்துவிடும்.

இந்த வரலாற்றில் கசப்பான பகுதியும் உண்டு. இரண்டு சங்கங்களிலும் பெண்கள் முழு உறுப்பினராக வெகுகாலம் வர முடியவில்லை. லயன்ஸில் 1987-ல்தான் கதவு திறந்தது. ரோட்டரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போய், 1989-ல்தான் உலகம் முழுவதற்குமாக விதி மாறியது. விதி மாறினால் போதுமா? எங்கள் ஊர் மாதிரி இடங்களில் பெண்கள் சமையலறையிலிருந்து மீட்டிங் நாற்காலிக்கு வர அதற்கப்புறமும் பல வருஷம் ஆனது. இலை ஏஜெண்டின் மனைவி இப்போது எங்கள் போர்டில் இருக்கிறார். முகாம் தேதி குறிப்பது அவருடைய வேலை, அவர் சம்மதிக்காமல் தேதி போடுவதில்லை.

நவம்பர் 2009

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2009 நவம்பரில் பெய்த மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. வடகிழக்குப் பருவமழை எங்கள் கிழக்குச் சரிவுகளில் எப்போதுமே கொஞ்சம் கடுமையாக இருக்கும். அந்தத் தடவை மண்ணே தாங்கவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். குன்னூர் மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டது, மலை ரயில் பாதை பல இடங்களில் போய்விட்டது, கிராமங்களுக்குப் போகிற சின்ன ரோடுகள் எத்தனை உடைந்தன என்று கணக்கே இல்லை.

அன்றைக்கு எங்கள் சங்கத் தலைவர் எந்தக் கூட்டமும் கூட்டவில்லை, கூட்ட முடியவும் முடியாது. செல்போன் கிடைத்தால் கிடைக்கும், இல்லையென்றால் இல்லை. யாருடைய ஜீப் ஏறும், யாருடைய ஜீப்பில் பிரேக் சரியில்லை, மண்டியில் யாரிடம் அரிசி இருக்கிறது, எந்த வீட்டில் பெரிய அண்டா இருக்கிறது, யாருடைய மச்சான் பொதுப்பணித் துறையில் இருக்கிறார், வெலிங்டனில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் உறுப்பினர் கயிறு கட்டுவதில் எவ்வளவு கெட்டிக்காரர், இதெல்லாம் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே தெரிந்திருந்தது. கணப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசிய வீண்பேச்சில் தெரிந்துகொண்டது. அண்டாவைக் கேட்டு யாரும் போகவில்லை, அந்த வீட்டு அம்மா தானாகவே அடுப்பில் ஏற்றியிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்கு அன்றிரவு கஞ்சி போனது. யாரும் தீர்மானம் போடவில்லை, யாரும் போட்டோவும் எடுக்கவில்லை.

இதை பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது? தம்பியின் கணக்கில் அந்தச் சாப்பாடு செலவு என்ற பத்தியில்தான் வரும், அவர் மேல் தப்பில்லை, பணம் செலவாகியிருக்கிறது. அதில் வந்த வரவைக் காட்ட ஒரு பத்தி கிடையாது.

வட்டத்துக்கு வெளியே

இத்தனையும் சொல்லிவிட்டு, என்னுடைய கட்சிதான் ஜெயிக்க வேண்டும் என்று முடித்துவிட முடியாது. தம்பி கடைசியாகக் கேட்டது இதுதான்: "சரி அண்ணா, ஃபெல்லோஷிப்ல தெரிஞ்சவங்க மூலமாத்தான் எல்லாம் நடக்குதுன்னா, அந்த வட்டத்துல இல்லாதவங்களுக்கு யார் இருக்கா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பிப்ரவரி முகாமில் ஹட்டிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஏனென்றால் ஹட்டிகளில் எங்களுக்கு உறவும் நட்பும் உண்டு. பஜாரிலிருந்து வந்தார்கள், அங்கே எங்கள் கடைகள் இருக்கின்றன. லைன் வீடுகளிலிருந்து அந்தத் தடவையும் மிகக் குறைவாகத்தான் வந்தார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் மற்ற எஸ்டேட்டுகளிலும் வேலை செய்து, இங்கேயே மூன்றாவது தலைமுறை பார்த்துவிட்ட குடும்பங்கள் அவை. நம்மோடு ஒரே பஸ்ஸில் வருகிறார்கள், நம் கடையில் சாமான் வாங்குகிறார்கள், நம் வீட்டுச் சாப்பாட்டில் மட்டும் உட்கார்ந்ததில்லை. அவர்களுடைய பாட்டி ஏன் பஸ்ஸில் ஏறவில்லை என்று எங்கள் சமையலறையில் யாருக்கும் தெரியாது. கூலி என்ற ஒரு காரணத்தைத் தவிர இன்னும் எத்தனையோ இருக்கும். கீழ்ச் சரிவுகளில் இருக்கிற இருளர், குறும்பர் ஊர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை கம்பளி கொடுக்கப் போவோம், கொடுத்துவிட்டு அன்றைக்கே ஏறி வந்துவிடுவோம். அந்த ஊர்களில் ஒருவர் வீட்டிலாவது உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோமா?

போலியோ சொட்டு மருந்து விஷயத்தில் இதே பாடம் பெரிய அளவில் இருக்கிறது. ரோட்டரி 1985-ல் உலகம் முழுக்க அந்த வேலையைக் கையில் எடுத்தது. இந்தியாவில் பல்ஸ் போலியோ 1995-ல் ஆரம்பித்தது. கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில், 2014 மார்ச்சில் நாம் போலியோ இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். முகாமில் உட்கார்ந்து பிள்ளைகள் வரட்டும் என்று காத்திருந்தது மட்டும் இதைச் சாதிக்கவில்லை. வராத வீட்டைத் தேடி வீடு வீடாகப் போனதும், வேண்டாம் என்ற ஊர்களில் அந்த ஊர்ப் பெரியவர்களையே முன்னால் நிறுத்திப் பேசியதும் சேர்ந்துதான் முடிந்தது. வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்கிற வேலை அது. முன்பின் தெரியாதவர் போய்க் கேட்டால் ஜனம் சிரித்துவிட்டுப் போய்விடும், எங்கள் பஸ் பக்கத்தில் சிரித்தது போல.

ஆகவே அடுத்த கூட்டத்தில் நான் சொல்லப்போவது இது. சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். ஃப்ளெக்ஸ், மொமெண்டோ, பொன்னாடை மூன்றையும் நிறுத்தி அந்தப் பணத்தையும் இதில் போடுவோம். உறுப்பினர் வீடுகளில் மட்டும் கூடுவதை மாற்றி, வருஷத்தில் பாதி மாதங்களாவது லைன் வீடுகள் பக்கம், கீழ் ஊர்கள் பக்கம் கூடுவோம். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், எதையும் கொடுக்கவும் வேண்டாம். அவர்களும் சமைக்கட்டும், நாமும் சமைத்துக்கொண்டு போவோம், தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். முகாம் அதற்கு அடுத்த வருஷம் வரட்டும். ஒரு வருஷம் சும்மா போய் வந்தால் சங்கத்தின் மாவட்டத் தலைமைக்கு அனுப்புகிற ரிப்போர்ட்டில் எழுத ஒன்றும் இருக்காது. இருக்காவிட்டால் என்ன?

போர்டில் இருக்கிற பெண்களிடம் இதை முன்கூட்டியே பேசினேன். மெடிக்கல் ஷாப்காரரின் தாயாருக்கு இப்போது நடமாட்டம் குறைவு, இருந்தாலும் வீட்டிலிருந்தபடியே ஒரு திருத்தம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், லைனில் துணி துவைப்பதும் சந்தைக்குப் போவதும் அன்றைக்குத்தான், சம்பளம் வந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்ட பிறகு போங்கள், ஆறு மணிக்குப் போனால் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுங்கள், அவர்கள் விடிகாலையில் எழ வேண்டியவர்கள் என்றார். இலை ஏஜெண்டின் மனைவி அதை அப்படியே குறித்துக்கொண்டார். இரவில் அந்த ரோட்டில் காட்டெருமை நிற்கும், ஆகவே ஜீப்பில்தான் போக வேண்டும், டீசல் செலவை யார் கணக்கில் எழுதுவது என்று தம்பி கேட்டிருக்கிறார். அவர் முழுக்கச் சம்மதித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. முதல் மாதத்துக்கு ஜீப் நான் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.